ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும், மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்ற பேச்சுக்கு நடுவே டெல்டா வீடுகளில் இன்னொரு கேள்வியும் எழும்: பிள்ளையை எதில் சேர்ப்பது?

காலம்: ஐ.டி.ஐ.யில் வெல்டர் 1 ஆண்டு. ஃபிட்டர், எலக்ட்ரீசியன் 2 ஆண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோ 3 ஆண்டு.

செலவு: அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசு பாலிடெக்னிக்கிலும் கட்டணம் குறைவுதான். தனியார் என்றால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கைப்பழக்கம்: இங்கே எனக்கு ஐ.டி.ஐ. பக்கம் சாய்வு உண்டு. ஃபிட்டர் மாணவன் தொடக்கத்தில் இரும்புத் துண்டை வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கி, அரத்தால் ராவிக்கொண்டே இருப்பான். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கு தெரியும். மறுபடி ராவ வேண்டும். அறுவடை இயந்திரம் சேற்றில் நின்றுபோகும் நாளில் ஊர் தேடுவது அந்தக் கையைத்தான். டிப்ளமோவில் வரைபடமும் கணக்கும் அதிகம்.

மேற்படிப்பு: டிப்ளமோ முடித்தால் பொறியியல் நேரடி இரண்டாம் ஆண்டு. 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

சீக்கிரம் சம்பளம் வேண்டிய வீட்டுக்கு ஐ.டி.ஐ.தான். கணக்கு நன்றாக வரும், 3 ஆண்டு பொறுக்கலாம் என்றால் பாலிடெக்னிக். முடிவெடுக்க முடியாதவர்கள் ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டுத் தொழிற்பிரிவில் சேர்த்துவிட்டு, பிறகு டிப்ளமோவை யோசிக்கலாம்.