பழைய மடிக்கணினியில் வைஃபை வரவில்லையா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

அப்பாவின் மடிக்கணினி 2013இல் வாங்கியது. விண்டோஸ் 10 போட்டு இன்னும் ஓடுகிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு மன்னார்குடியில் இருக்கும் அத்தையோடு அதில்தான் முகம் பார்த்துப் பேசுவார். கைப்பேசித் திரை அவர் கண்ணுக்குப் போதாது.

போன மாதம் வீட்டு இணையத் திட்டத்தை மாற்றினோம், புது ரவுட்டர் வந்தது. கைப்பேசிகள், தொலைக்காட்சி எல்லாம் உடனே இணைந்துவிட்டன. மடிக்கணினி மட்டும் எங்கள் வைஃபை பெயரைக் காட்டும், கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும், அப்புறம் இணைக்க முடியவில்லை என்று சொல்லிவிடும்.

நான் வேலைக்குப் போயிருந்தபோது அப்பா அதைப் பையில் போட்டுக்கொண்டு இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போய்விட்டார். "வைஃபை கார்டு போயிடுச்சு அங்கிள், புதுசு மாத்தணும், 165 வெள்ளி" என்றாராம் கடைக்காரர். மடிக்கணினிக்குள் இருந்து வைஃபையைப் பிடிக்கும் சின்னப் பாகம்தான் அந்தக் கார்டு, வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். எதையும் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கடை வைஃபையில் இணைத்துக் காட்டிக் காசை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். திரும்ப எடுத்துப் போனதற்கு, "உங்க ரவுட்டர் சரியில்ல, மெஷ் வாங்கிக்குங்க" என்று, வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் பெட்டி ஒன்றை 280 வெள்ளிக்கு எடுத்து வைத்திருக்கிறார். நல்லவேளை, அப்பா எனக்கு போன் செய்தார்.

அன்றிரவு என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். மடிக்கணினி உடனே இணைந்துவிட்டது! கார்டு நன்றாகத்தானே இருக்கிறது? புதிதாக மாற்றியதால் இருக்குமோ என்று பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம். கார்டின் மேலும், அதில் செருகியிருந்த கறுப்பு, வெள்ளை ஒயர்களின் மேலும் பல வருடத் தூசி திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. ஸ்டிக்கரில் 2013 என்று அச்சிட்டிருந்தது. யாரும் அதைத் தொடவே இல்லை. ரசீதில் மட்டும் 'புதிய கார்டு' என்று எழுதியிருந்தது. எழுபது வயது மனிதரிடம் இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வந்ததோ.

சிக்கல் ரவுட்டர் அமைப்பில் இருந்தது. புது ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைக்கப்பட்டிருந்தது. அந்த முறை வந்ததே 2018இல். 2013ஆம் ஆண்டுக் கார்டுக்கு அது புரியவில்லை. கடையில் இருந்தது பழைய டபிள்யூபிஏ2, அதனால்தான் அங்கே இணைந்தது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியையும் கடவுச்சொல்லையும் வைத்து உள்ளே போய், விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்து, பழைய கருவிகளுக்கும் ஒத்துவரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, டபிள்யூபிஏ2 என்று வைத்தேன். பத்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஆனால் முதலில் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். ஐபோன் என்றால், பழைய கருவிகளும் இணைய உதவும் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானையும் போட்டுவிடுங்கள். இணைந்தால் கார்டு போகவில்லை என்று அர்த்தம். லேன் கேபிளை ரவுட்டரிலிருந்து மடிக்கணினியில் நேராகச் செருகி, வைஃபை இல்லாமல் இணையம் வருகிறதா என்றும் பார்க்கலாம். உண்மையிலேயே கார்டு போயிருந்தாலும் யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் போதும், அதற்கு 165 வெள்ளி ஆகாது. கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை ரசீதையும் தூசி படிந்த கார்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பழைய மாடல், அதே கார்டுதான் கிடைக்கும்" என்றார். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி மனு போடப்போகிறேன் என்றேன். ஐயாயிரம் வெள்ளி வரையிலான பயனீட்டாளர் கோரிக்கைக்கு அவ்வளவுதான் கட்டணம், இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். சற்று நேரம் பேசாமல் இருந்தவர் 120 வெள்ளியை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. மீதி 45 வெள்ளியும் சேர்த்துத் தரும்வரை மனுவைக் கைவிடப்போவதில்லை.