இரண்டு விண்டோஸில் ஒன்றை எப்படி அனுப்பிவைப்பது? மூன்று வழிகள், ஓர் அலசல்

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நீலத் திரையில் இரண்டு வரிகள். மேலே ‘விண்டோஸ் 10’, கீழேயும் ‘விண்டோஸ் 10’. 30 விநாடிக்குள் ஒன்றைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஒன்றைத் திறந்துகொள்ளும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலே புது எஸ்எஸ்டியை (வேகமான புதுவகை டிஸ்க்) மாட்டி, அதில் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார் கடைக்காரர். பழைய விண்டோஸ் பழைய இடத்திலேயே இருந்தது. அம்மா ஒருநாள் மேல் வரியைத் தொடுவார், மறுநாள் கீழ் வரியை. “நேத்து வச்ச போட்டோவைக் காணோம்டா” என்று வாரம் ஒரு புகார் வரும்.

முதல் வழி எம்எஸ்கான்ஃபிக் (msconfig), விண்டோஸிலேயே இருக்கும் ஒரு செட்டிங்ஸ் கருவி. விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி அந்தப் பெயரை அடித்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘பூட்’ பகுதிக்குப் போனால் அதே இரண்டு வரிகள். இப்போது ஓடிக்கொண்டிருப்பதன் பக்கத்தில் ‘கரன்ட் ஓஎஸ்’ என்று இருக்கும். மற்றதை டெலீட் செய்தால் போதும், இரண்டு நிமிட வேலை. ஆனால் இதில் போவது வாசலில் இருந்த பெயர்ப்பலகை மட்டும்தான், குடித்தனக்காரர் உள்ளேயே இருக்கிறார். ஒரு ஜிபி கூடத் திரும்பக் கிடைக்காது. அதனாலேயே பயமில்லாத வழியும் இதுதான். பிசிடிஎடிட் (bcdedit) என்று தட்டச்சு செய்து கொடுக்கும் கட்டளையும் இதையேதான் செய்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரை வரை போக வேண்டியதில்லை.

(இரண்டு வரி மெனுவே வராமல், பழைய விண்டோஸின் மிச்சமான ‘விண்டோஸ்.ஓல்ட்’ ஃபோல்டர் மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப் போதும்.)

இரண்டாவது, பழைய விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் அந்தப் பிரிவை, ஃபார்மட் செய்து துடைப்பது. இடம் உண்மையில் திரும்பக் கிடைப்பது இதில்தான், வில்லங்கம் இருப்பதும் இதில்தான். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் போட்டால், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கில் அதற்கென்றே ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே அது வைத்துவிடுவதுண்டு. வீடு எஸ்எஸ்டியில், சாவி ஹார்ட் டிஸ்க்கில். தெரியாமல் பழைய டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்தால் புது விண்டோஸும் எழுந்திருக்காது.

கண்டுபிடிப்பது சுலபம். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். டெஸ்க்டாப் வந்தால் தைரியமாக ஃபார்மட் செய்யலாம். எனக்கு வரவில்லை. பூட் செய்ய எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. கேபிளை மறுபடி மாட்டி, டிஸ்க்குகளின் பிரிவுகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், பழைய டிஸ்க்கின் இடது ஓரத்தில் 100 எம்பிக்கு ஒரு குட்டிப் பெட்டி, ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’. எஸ்எஸ்டியில் அப்படி ஒன்றே இல்லை.

இன்னொன்று, ஃபார்மட்டுக்கு முன்னால் பழைய ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் பாருங்கள். ஸ்கேன் செய்த ரேஷன் கார்டும் பத்திரமும் அங்கேதான் கிடக்கும்.

மூன்றாவது, பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டியில் முதலிலிருந்து விண்டோஸ் போடுவது. சுத்தம் என்றால் இதுதான் சுத்தம். விண்டோஸை ஏற்றி எடுத்துவர 8 ஜிபி பென் டிரைவ் போதும். முன்பே ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டர் என்றால் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டை அடையாளம் கண்டுகொள்ளும், பொதுவாக ஆக்டிவேஷன் கீ தேட வேண்டியிருக்காது. ஆனால் பிரின்டர் டிரைவர், தமிழ்த் தட்டச்சு, பிரவுசர் பாஸ்வேர்ட் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐத் தாங்குமென்றால், அதைப் போடுகிற சாக்கில் இந்த வழிக்குப் போவது நியாயம். இரட்டை மெனுவுக்காக மட்டும் என்றால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

நான் முதல் வழியில் தொடங்கினேன். ஒரு வாரம் யாரும் எதையும் காணோம் என்று சொல்லவில்லை. அப்புறம் பழைய விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்தேன், அந்த 100 எம்பியைத் தொடவில்லை. சாவி இன்னும் பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது. அது கரகரவென்று சத்தம் போடத் தொடங்கினால் அந்த வார ஞாயிறு மூன்றாவது வழிக்கு.