கோர்க் மைக்ரோகீ ஏர் 37: ஐபேடோட சேர்த்து வாசிக்க நினைக்கிறவங்களுக்கு

வயர் இல்லாத மிடி கீபோர்டு (தானா சத்தம் போடாது, டேப்லெட் ஆப்புலதான் சத்தம் வரும்) வாங்கலாமான்னு காரைக்குடிப் பக்கம் பாட்டு கத்துக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மா அடிக்கடி கேக்குறாங்க, அதான் விரிவாவே எழுதிடுறேன். எங்க வீட்டுல இருக்கறது கோர்க் மைக்ரோகீ ஏர், 37 கட்டை உள்ளது. தாராளமா வாங்கலாம். ஆனா கீபோர்டுல இருந்து டேப்லெட்டுக்கு மட்டும் ப்ளூடூத் போதும், டேப்லெட்டுல இருந்து வர்ற சத்தத்த வயர்லதான் எடுக்கணும். இத யாரும் கடையில சொல்றதில்ல.

ஏன்னா மிடிங்கறது சத்தமே கிடையாது. எந்தக் கட்டைய அமுக்குனீங்க, எவ்வளவு வேகமா அமுக்குனீங்க, எப்ப விட்டீங்க, இந்தத் தகவல்தான் போகும், வேகத்துக்கு 0ல இருந்து 127 வரைக்கும் ஒரு நம்பர், அவ்ளோதான். 1983ல வந்த முறை, இன்னைக்கும் அதேதான் ஓடுது. தகவல் ரொம்ப சின்னதுங்கறதால ப்ளூடூத்துல சட்டுனு போயிரும், விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி பெருசா தெரியாது. ஆனா ஐபேட்ல உண்டாகுற சத்தம் ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு போறப்ப அத சுருக்கி அனுப்பி அங்க திரும்ப விரிச்சு கொஞ்சம் சேத்து வச்சுதான் ஒலிக்கும், அதுல 100, 200 மில்லிசெகண்டு போயிருது, பாட்டு கேக்கறதுக்கு அது தெரியாது, வாசிக்கிறவனுக்கு தாளமே கையில நிக்காது. கீபோர்டு மோசம்னு திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி இயர்போன சொருகிப் பாருங்க. புது ஐபேட்ல இயர்போன் ஓட்டை இல்லன்னா டைப் சி அடாப்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க.

அடுத்தது கனெக்ட் பண்ற விதம். ஐபேட் செட்டிங்ஸ்ல இருக்குற ப்ளூடூத் பக்கத்துக்கே போகாதீங்க, இயர்பட்ஸ் சேக்கற மாதிரி இது சேராது. ஆப்புக்குள்ள இருந்துதான் சேக்கணும். ஆப்பிளோட கராஜ்பேண்ட்ங்கற மியூசிக் ஆப் இலவசம்தான், அதுல ஒரு பாட்ட திறந்து செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, ப்ளூடூத் மிடி டிவைசஸ்னு போனா கீபோர்டு பேரு வரும், தொட்டா முடிஞ்சுது. ஒரு தடவ அங்க சேத்துட்டா மத்த மியூசிக் ஆப்புலயும் வாசிக்கலாம், தனியா ப்ளூடூத் மெனு இல்லாத ஆப்புக்கு இதுதான் வழி. பேரு லிஸ்ட்ல வரவே இல்லயா, வீட்டுல வேற யாரு போனோ டேப்லெட்டோ ஏற்கனவே அத பிடிச்சு வச்சிருக்கான்னு பாருங்க, ஒரு நேரத்துல ஒண்ணோடதான் சேரும். ஆண்ட்ராய்டுல 6க்கு மேல இருந்தா ஓடும், 11 வரைக்கும் உள்ள டேப்லெட்டுல லொகேஷன் அனுமதி கேக்கும், பயப்படாம குடுங்க, ப்ளூடூத் கருவிய தேடுறதுக்கே அந்த அனுமதி வேணும்.

கட்டைங்க சின்ன சைஸ், பிள்ளைங்க கைக்கு அருமையா இருக்கு, பெரியவங்களுக்கு பழகணும். மூணு ஆக்டேவ்தான், அதாவது மூணு ஸ்தாயி, ரெண்டு கையால மேற்கத்திய பியானோ பரீட்சைக்கு படிக்கிறவங்க 61 எடுங்க. பாட்டுக்கு கூட வாசிக்க 37 தாராளம். அப்பத்தா முருகன் பாட்டு பாடுனா சுருதி 5 கட்டை, அதாவது ஜி, அதுக்கு ரெண்டு பக்கமும் போதுமான இடம் இருக்கு, பத்தலன்னா ஆக்டேவ் பட்டன் இருக்கு.

கமகம், அதாவது ஸ்வரத்த அசைச்சு வாசிக்கிறது, அது பத்தி நேர்மையா சொல்லணும். இடது பக்கம் ஸ்வரத்த மேல கீழ வளைக்கிற பிட்ச் வீல் இருக்கு, பெரும்பாலான ஆப்புல அது ரெண்டு செமிடோன், அதாவது கறுப்பு வெள்ளை சேத்து ரெண்டு கட்டை தூரம் வரைக்கும் வளையும். மோகனத்துல ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போற சின்னச் சின்ன ஜாரு அழகா வருது. தோடி காந்தாரத்த அதுல கொண்டு வர முடியல. காரைக்குடின்னாலே வீணை ஞாபகம் வர்ற ஊரு இது, தந்திய இழுத்து கேட்டுப் பழகுன காதுக்கு வீல் ஈடாகாது, ராகம் கத்துக்க இத நம்பி வீணையயோ குரலையோ விட்டுறாதீங்க. ஸ்வர ஸ்தானம் பிடிபட, மெட்டு போட்டுப் பாக்க, பாட்டுக்கு பின்னால சில ஸ்வரத்த ஒண்ணா அமுக்கி ஒரு கார்ட் (chord) பிடிக்க, இதுக்கெல்லாம் இது பிரமாதம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது எங்க வேணும்னாலும் ஒக்காரலாம்ங்கறது. எங்க வளவுல பிளக் பாயிண்ட் எல்லாம் ஏதோ ஒரு மூலையிலதான் இருக்கும், இப்ப ரெண்டு டபுள் ஏ பேட்டரிய போட்டுட்டு பட்டாலையில எல்லாரும் ஒக்காந்திருக்கற இடத்துலயே வாசிக்கிறோம், கரண்ட் போனாலும் பாட்டு நிக்கறதில்ல. தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து பழனி காவடி கிளம்புற சமயத்துல வீட்டுல தினம் பாட்டு இருக்கும், அப்ப இது பையில போட்டு எடுத்துட்டுப் போற அளவுக்கு லேசா இருக்கறது பெரிய உதவி. ஆனா ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச பெரிய ஹால்ல எதிரொலி ஜாஸ்தி, ஆப்பு தானா சேக்குற எதிரொலிய, அதாவது ரிவெர்ப குறைச்சு வச்சுக்கோங்க, இல்லன்னா சாகித்யம் காதுல விழாது.

கொஞ்ச நாளைக்கு வாசிக்கலன்னா பேட்டரிய கழட்டி வச்சிருங்க.