கான்டெஸாவின் காலிக் குழிக்குள் எந்த இன்ஜின்?

காவேரிப்பட்டினம் பக்கம் மச்சானுக்கு ஒரு மாந்தோப்பு. தோப்புக் கொட்டகையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கார், ஒரு கான்டெஸா கிளாசிக் நிற்கிறது. இன்ஜினைச் செயின் பிளாக் போட்டு வெளியே தூக்கி ஆறு மாதமாகிறது. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். மச்சான் மகன் உட்கார்ந்தே காட்டினான். அந்தக் குழிக்குள் எதை இறக்குவது என்பதில்தான் எங்கள் வீட்டுக்குள் சண்டை.

களத்தில் நான்கு பேர். வண்டியோடு வந்த இசுசு 1.8, டொயோட்டாவின் 1ஜேஇசட்-ஜிடிஇ, செவ்ரோலேயின் எல்எஸ்3, ஹோண்டாவின் கே20சி1. கடைசி இரண்டும் ‘கிரேட்’ இன்ஜின்கள். அதாவது கம்பெனியே புதிதாகப் பூட்டி, மரப்பெட்டியில் அடைத்து விற்பவை. அமெரிக்காவில் பணம் கட்டினால் வீட்டு வாசலில் இறங்கும். நமக்கோ கப்பல் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் ஏறி, பெட்டியைப் பிரிப்பதற்குள் கை காலியாகிவிடும். அதனால்தான் இங்கே பலரும் ‘ஹாஃப் கட்’ தேடிப் போகிறார்கள். வெளிநாட்டில் பாதியாக வெட்டிய பழைய வண்டியின் இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் ஒரே கட்டாக வரும்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கான்டெஸா உற்பத்தி 2002-லேயே நின்றுபோனது. ஆகவே இன்று ரோட்டில் ஓடும் ஒவ்வொன்றும் 15 வயதைத் தாண்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்துத்தான் ஓடுகிறது. புதுப்பிக்கப் போகும் இடத்தில் பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். அங்கே ஒரு வி8 சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் இசுசுதான். மற்ற மூன்றும் டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை கரி டிராக்குக்கோ கொண்டுபோய் ஓட்டும் வண்டிக்கு.

இசுசுவைக் கேலி செய்யாதீர்கள். அதன் 88 குதிரைத்திறன் இன்றைக்கு ஒரு சின்னக் குடும்பக் காரின் கணக்குதான். ஆனாலும் அந்தக் காலத்து 1.5 லிட்டர் கான்டெஸா 50 குதிரைத்திறனைத் தாண்டத் திணறியதை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சிலிண்டரைக் கடைந்து ‘போர்’ அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்தால் முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அது ஊற வைத்துத் தின்றுவிடும். அத்தனையையும் மாற்றிவிடுங்கள்.

சரி, டிராக் வண்டி என்றே வைத்துக்கொள்வோம்.

மச்சானின் மனசு எல்எஸ்3-ல் இருக்கிறது. 6.2 லிட்டர், வி8, 430 குதிரைத்திறன். இசுசுவைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. கட்டுமானத்தில் இது வெகுளியான இன்ஜின். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதுவும் பிளாக்குக்குள்ளே. ஹெட்டில் கேம் இல்லாததால் உயரம் குறைவு, பானெட்டில் ஓட்டை போட வேண்டாம். பிளாக் அலுமினியம். எந்த நல்ல மெக்கானிக்கும் ஒரு வாரத்தில் இதன் குணத்தைப் புரிந்துகொள்வார்.

இடிப்பது அகலம். வி8-க்கு எக்ஸாஸ்ட் இரண்டு பக்கமும் இறங்கும். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். ஸ்டியரிங் ஷாஃப்டும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். அடுத்தது பெட்ரோல். அவர்கள் கேட்பது 92 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்). அட, நம்மிடம் 95 இருக்கிறதே என்று மச்சான் துள்ளினான். அமெரிக்கக் கணக்கு வேறு. அவர்களுடைய 92 நமக்கு 97, 98-க்குச் சமம். எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன் ரகத்துக்குப் பெங்களூருக்கு கேன் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதற்கெல்லாம் மேலே, 88-க்குச் செய்த பின் ஆக்ஸிலும் பின்சக்கர டிரம் பிரேக்கும் 430-க்கு எத்தனை கிளட்ச் தாங்கும்? கரி டிராக்கின் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். அங்கே வி8-ஐ முழுசாக மிதிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

ஹோண்டா கே20சி1 மூளைக்காரன். 2 லிட்டர், டர்போ (எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் விசிறி), 306 குதிரைத்திறன். பந்தய வண்டிகளுக்கு மட்டும் என்று சொல்லியே விற்கிறார்கள். எடை குறைவு, அதனால் முன்பக்கம் அமுங்காது. ஆனால் பிறந்தது முன்சக்கர வண்டிக்காக, குறுக்குவாட்டில் படுக்க. கான்டெஸாவுக்கு அதை நெடுக்குவாட்டில் திருப்பி, பின்சக்கரத்துக்கான வேறு கியர்பாக்ஸை அடாப்டர் பிளேட் வைத்துப் பூட்ட வேண்டும். புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால் டர்போவை நம் வசதிக்கு அங்கே இங்கே நகர்த்துவதும் சிரமம். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வேறு. ஒரு சென்சார் கோபித்துக்கொண்டால் கிருஷ்ணகிரியில் யார் லேப்டாப்பை நீட்டுவார்கள்? ஓசூருக்குப் போனாலும் தேட வேண்டும். எனக்கு இது ஒத்துவராது.

என் ஓட்டு 1ஜேஇசட்-ஜிடிஇக்கு. அதற்குக் காரணம் 280 குதிரைத்திறன் இல்லை. கான்டெஸாவின் மூதாதை இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் எஃப்இ. அதே உடம்பில் வென்டோரா என்ற பெயரில் 3.3 லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினையும் வாக்ஸால் விற்றது. ஆக, இந்தக் குழியை வரைந்தவர்களே நீளமான ஆறு சிலிண்டரை மனதில் வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். 1ஜேஇசட் 2.5 லிட்டர், இரும்பு பிளாக். சூட்டுக்கும் அடிக்கும் தாங்கும். கூடவே ஆர்154 ஐந்து கியர் பாக்ஸ் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 1996-க்குப் பிறகு வந்த ஒற்றை டர்போ, விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) ரகமாகப் பாருங்கள். முதல் தலைமுறை இரட்டை டர்போவின் செராமிக் சக்கரம், பூஸ்டை, அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டினால் உடைந்துபோகும்.

குறையும் உண்டு. இதில் டர்போ வலப்பக்கம், நம் ஸ்டியரிங் ஷாஃப்டும் அங்கேதான். ஜப்பானிலும் வலப்பக்க ஸ்டியரிங்தான் என்பதால் அவர்கள் இதைச் சமாளித்திருக்கிறார்கள். நாமும் வெப்பத் தடுப்புத் தகடு போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் ரேடியேட்டர். சித்திரை வெயிலில் கொட்டகைத் தகரமே கொதிக்கும் ஊர் இது. முன்னால் டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மறைத்து நிற்கும்போது பழைய ரேடியேட்டர் ஒரு சுற்றுக்குக் கூடத் தாங்காது.

வாங்கும் இடத்தில் நான் பட்ட பாடு ஒன்று. முன்பு வேறொரு வண்டிக்கு வெளியூரில் ஒரு ஹாஃப் கட் வாங்கினேன். கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. பெயிண்டைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். ஊருக்கு வந்து சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் ஐந்து சிலிண்டர் 150 பிஎஸ்ஐ-யை ஒட்டி நின்றது, நான்காவது மட்டும் 95. பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றினோம். முள் 130-க்கு ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. இந்தச் சோதனைக்கு ஒரு பேட்டரியும் ஸ்டார்ட்டரும் போதும். விற்பவர் அதற்கு நேரமில்லை என்றால் நமக்கும் வாங்க நேரமில்லை. பில்லும் இறக்குமதித் தாளும் இல்லாவிட்டாலும் அப்படியே.

போன ஞாயிற்றுக்கிழமை மாம்பழ அட்டைப் பெட்டிகளை வெட்டி, டேப் ஒட்டி, 1ஜேஇசட்டின் அளவுக்கு ஒரு பொய் இன்ஜின் செய்தோம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதைப் பொறுத்து இதன் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) முன்னாலோ பின்னாலோ வரும். அதனால் சம்ப்பை மட்டும் தனியாகச் செய்து இரண்டு விதமாகவும் மாட்டிப் பார்த்தோம். முன் சம்ப் வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் மேல் ஏறி உட்கார்ந்தது. பின் சம்ப்புக்கு இரண்டு விரல் இடைவெளி கிடைத்தது.

“வி8-க்கும் ஒரு பெட்டி செய்யலாமா மாமா?” என்றான் மச்சான். அட்டை தீர்ந்துவிட்டது என்றேன். பின்னால் இன்னும் நாற்பது பெட்டி அடுக்கியிருந்தது அவனுக்கும் தெரியும்.