ஆறு கிலோ சைக்கிளும் கருவை முள்ளும்

பாகம் பாகமாக வாங்கிக் கட்டிய என் சைக்கிள் என்ன எடை என்று எல்லாரும் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில். கட்டி முடித்தபோது 5.67 கிலோ. பெடலும் இரண்டு பாட்டில் ஹோல்டரும் சேர்த்து. இன்றைக்கு 6.02 கிலோ. நடுவில் ஏறிய 350 கிராமைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

கடைத்தெருவில் ஓடும் சாதா சைக்கிள் 20 கிலோ வரும். பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குழுமம் 1949-ல் இங்கிலாந்துக் கூட்டோடு டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தது. அவர்களின் ஹெர்குலஸ் சைக்கிள் இல்லாத வீடு எங்கள் காரைக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் குறைவு. அந்த ஊர்ப் பக்கத்திலேயே ஆறு கிலோ சைக்கிளை நிறுத்தினால் கூட்டம் சேரத்தான் செய்யும். அப்பத்தா ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இம்புட்டுக் காசு குடுத்து, சாமானக் கொறச்சலா வாங்கியாந்திருக்கியேப்பா." இதைவிடச் சரியாக யாரும் விமர்சனம் செய்ததில்லை.

ஆனால் உலகக் கணக்கில் இது ஒன்றும் சாதனை இல்லை. 2014-ல் டிரெக் நிறுவனம் கடையில் வாங்கக்கூடிய எமோண்டா மாடல் ஒன்றை 4.65 கிலோவில் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 1972-ல் எடி மெர்க்ஸ் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிய சைக்கிளே 6 கிலோவுக்குக் கீழேதான். அது கார்பன் இல்லை, எஃகு. டிராக் சைக்கிள் என்பதால் கியரும் பிரேக்கும் கிடையாது, செயினில்கூட ஓட்டை போட்டு எடை குறைத்திருந்தார்கள். சர்வதேசப் போட்டிகளில் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ விதி வைத்தது 2000-ல். நான் போட்டிக்குப் போகிறவன் இல்லை. அந்த விதி என்னைக் கட்டாது.

சக்கர வளையத்தையே (ரிம்) கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக் எடுத்ததற்கு எடைதான் காரணம். சக்கர நடுவில் தட்டு வைத்த டிஸ்க் பிரேக் என்றால் ரோட்டர், காலிப்பர், தடித்த ஃபோர்க், கூடுதல் கம்பி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ அளவுக்கு ஏறிவிடும். உலகமே டிஸ்க்குக்கு மாறிக்கொண்டிருந்ததால் பழைய ரிம் பிரேக் கார்பன் ஃப்ரேம் மலிவாகவும் கிடைத்தது. ஃப்ரேம் 790 கிராம், ஃபோர்க் 310. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்த குறைப்பு அத்தோடு முடிந்தது. மற்றதெல்லாம் துண்டு துண்டாகப் பொறுக்கியது. சீட் போஸ்ட் 125, ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் 95, ஹேண்டில்பார் 180, பின் பல்சக்கர அடுக்கான கேசட் 160. பாகம் வரவர எடை போட்டு நோட்டில் எழுதினேன். சமையலறைத் தராசு 5 கிராம் முன்னே பின்னே காட்டுகிறது என்று, போல்ட்டுகளை மட்டும் தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். டைட்டானியம் போல்ட்டைத் தட்டில் வைத்தபோது அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல.

போல்ட் என்றதும் ஒன்று. எஃகின் அடர்த்தி 7.8, டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. ஆக, எஃகு போல்ட்டைக் கழற்றி டைட்டானியம் போட்டால் அந்தப் போல்ட்டின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. சைக்கிளில் இருக்கும் போல்ட் மொத்தத்தையும் மாற்றினாலும் மிச்சமானது 30 கிராமுக்குள்தான். கிராமுக்கு நூறு ரூபாய்க்கு மேல் விழுந்தது. அதே காசுக்கு இரண்டு ட்யூப்பை மாற்றினால் அதைப்போல நாலு மடங்கு குறையும். முதல் இரண்டு கிலோ சுலபமாகக் குறையும், கடைசி அரைக் கிலோ சொத்தைக் கேட்கும். ஸ்டெம்மில் போட்ட டைட்டானியத்தைப் பின்னால் எடுத்துவிட்டு எஃகையே போட்டுவிட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை நான் கழற்றி மாட்டும் இடம் அது. டைட்டானியம் மரை கிரீஸ் சரியாக இல்லாவிட்டால் இறுகிக்கொண்டு வராது. 8 கிராம் போகட்டும்.

சக்கரத்தைக் காரைக்குடியிலேயே கட்டினோம். கட்டிக்கொடுத்த அண்ணன் நாற்பது வருடமாகச் சாதா சைக்கிள் ஓவராயில் பண்ணுகிறவர். முன்னால் 32, பின்னால் 40 கம்பி கோத்துப் பழகிய கை. நான் கொண்டுபோனது 20-ம் 24-ம். "என்ன தம்பி, பாதிக் கம்பியக் காணோம்?" என்றார். ஆனால் கோட்டம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வாங்கிய காலத்திலிருந்து இரண்டொரு முறைக்கு மேல் அந்தச் சக்கரத்தைத் தொட வேண்டி வரவில்லை. கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள் விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்டேன். அலுமினியம் நிப்பிள் பித்தளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், 44 கம்பிக்கு 30 கிராம் மிச்சம். ஆனால் சாவி பிடிக்கும் முனை மழுங்கிப் போகும், வியர்வையும் மழையும் பட்டால் வெடிக்கும். பித்தளையே போட்டோம். ரிம்மும் அலுமினியம்தான், கார்பன் இல்லை. மலை இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் கார்பன் ரிம்மின் பிசின் சூட்டில் இளகும் அபாயம் உண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்து 1,260 கிராம். போதும்.

இனி முள்.

எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தைக் கருவை என்றுதான் சொல்வோம். கண்மாய்க்குள், ஊருணிக் கரையில், சாலையின் இரண்டு பக்கமும் அதுதான். வெறுமனே நிற்கும் மரத்தால் சைக்கிளுக்குத் தொந்தரவு இல்லை. வெட்டும்போதுதான் வினை. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கரிமூட்டம் போடுவது பெரிய தொழில். வெட்டிய கருவையை டிராக்டரில் ஏற்றிப் போகும்போது வழியெல்லாம் முள்ளை உதிர்த்துக்கொண்டே போகும். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு அந்தச் சாலையில் ரோடு சைக்கிள் ஓட்டுவது தைரியம்தான். சாலை ஓரத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று வெட்டிப் போட்டாலும் இதே கதை. சில முள் குத்திவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பிடுங்கிவிடலாம். சில முள் குத்திய இடத்திலேயே ஒடிந்து டயருக்குள் உட்கார்ந்துகொள்ளும். வெளியே தெரியாது. ட்யூப்பை மாற்றிவிட்டு ஏறினால் இரண்டு கி.மீ.-இல் மறுபடியும் காற்று இறங்கும். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் இங்கே யாரும் ட்யூப் மாட்டக் கூடாது.

முதலில் போட்டது தலா 190 கிராம் எடையுள்ள பந்தய டயர், உள்ளே 36 கிராம் டிபியு (ஒருவகை பிளாஸ்டிக்) ட்யூப். ஆரஞ்சு நிறத்தில் பாலித்தீன் பை போல மெலிசாக இருக்கும் அது. சாதா ரப்பர் ட்யூப் 100 கிராம். ஓட்டத்தில் டிபியு அருமை, சந்தேகமே இல்லை. ஆனால் பஞ்சரானால் கடை வைத்தியம் பலிக்காது. பஞ்சர் கடையில் தேய்த்து சொல்யூஷன் தடவி ஒட்டும் ஒட்டு டிபியுவில் பிடிக்காது. இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து அதற்கென்று உள்ள ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சித்திரை வெயிலில், வியர்வை சொட்டும் கையோடு, கானாடுகாத்தானுக்கும் கொத்தமங்கலத்துக்கும் நடுவில் நின்று அதைச் செய்து பாருங்கள், தெரியும். இன்னொன்று, மிக மெலிந்த டிபியு ட்யூப்கள் சிலவற்றை டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். ரிம் பிரேக்கின் சூடு அவற்றுக்கு ஆகாது. ஆகவே வாங்குமுன் அட்டையைப் படியுங்கள்.

இப்போது ஓடுவது முள் தடுப்புப் பட்டை வைத்த 250 கிராம் டயர், 100 கிராம் ரப்பர் ட்யூப். இந்த மாற்றத்தில் மட்டும் கிட்டத்தட்ட கால் கிலோ ஏறியது. டிபியு ஒன்று உபரியாகச் சட்டைப் பையில் இருக்கிறது, மடித்தால் தீப்பெட்டி அளவு. அதன் சரியான இடமும் அதுதான் என்று நினைக்கிறேன். பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்க ஒரு பித்தளை அடாப்டரும் வேண்டும். இந்த வால்வின் மூக்கு ஒல்லி, அங்கே உள்ள குழாய் கவ்வாது.

சரி, இத்தனை பாடுபட்டு எடை குறைத்ததால் வேகம் கூடியதா? செட்டிநாட்டுக்குள் இல்லை. கணக்கே சொல்லிவிடும். எனது பழைய அலுமினியம் சைக்கிள் 8.6 கிலோ. இப்போதையதோடு வித்தியாசம் 2.6 கிலோ. சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்த வித்தியாசம் மிச்சப்படுத்துவது ஏறக்குறைய 1 வாட். அதே வேகத்தில் காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் நூறு வாட் போகிறது. எதிர்க்காற்று மணிக்கு 10 கி.மீ. அடித்தால் இன்னும் 80 வாட் வேண்டும். தேவகோட்டைச் சாலையில் குனிந்து ஓட்டினால் கிடைப்பதை எந்த டைட்டானியம் போல்ட்டும் தராது. குன்றக்குடி, பிரான்மலை என்று குன்றுகள் உண்டுதான். ஆனால் சாலை அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இந்தச் சைக்கிள் என்னாகும் என்று கேட்டவர்கள் உண்டு. ஒன்றும் ஆகாது. ஆளோடு சேர்த்தால் 75 கிலோ, அதில் இரண்டு கிலோ குறைந்தது காற்றுக்குத் தெரியாது. பக்கக் காற்றில் ஹேண்டிலைப் பிடுங்குவது உயரமான ரிம்தான். 50 மி.மீ. ரிம் போட்ட நண்பர் திருமயம் போகும் வெட்டவெளியில் தத்தளிப்பதையும், என் உயரம் குறைந்த ரிம் பேசாமல் போவதையும் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் வேகத்தடைக்கு வேகத்தடை எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் இடமும் வலமும் ஆடும் லேசு இருக்கிறதே, அதை வாட் கணக்கில் எழுத முடியாது. எங்கள் ஊர்களில் வேகத்தடைக்குப் பஞ்சமா? நாய் துரத்தும்போதும் ஒரு தெம்பு. நாய் ஏமாந்ததா, நான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா என்பது வேறு விஷயம்.

எடையின் பலன் நிஜமாகத் தெரிவது சிறுமலையில். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய் ஏற வேண்டும். நகரத்தார் காவடி பழநிக்கு நடக்கும் தடம்தான் பெரும்பகுதி. தை மாதத்தில் போனால் சாலை ஓரம் முழுக்க வெறுங்காலோடு நடக்கிற ஜனம். அந்த நாட்களில் சைக்கிளை வீட்டில் வைப்பதே மரியாதை. சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு. 200 வாட் மிதித்து ஆயிரம் மீட்டர் உயரம் ஏற எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் 2.6 கிலோ மிச்சப்படுத்துவது இரண்டு நிமிடம். அவ்வளவுதான். 70 வளைவு கொல்லிமலைக்கும் இதே விகிதம். வயிற்றில் இரண்டு கிலோ குறைத்தாலும் அதே இரண்டு நிமிடம்தானே என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

அந்தச் சிறுமலைப் பயணத்தில்தான் 95 கிராம் கார்பன் சீட்டும் விடைபெற்றது. மெத்தை கிடையாது, வெறும் ஓடு. பிள்ளையார்பட்டி வரைக்கும் போய் வரலாம். நத்தம் தாண்டினால் உட்காரும் இடம் எது என்று உடம்பு தேட ஆரம்பிக்கும். 190 கிராம் சீட் போட்டேன், கூடியது 95 கிராம். வருத்தமில்லை.

பராமரிப்பில் முக்கியமான எதிரி வியர்வை. கார்பனும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் அரிக்கும். மின்வேதியியல் அரிமானம் என்று இதற்குப் பெயர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே காரைக்குடியில் இருக்கிறது, அரிமானம் அவர்கள் ஆராயும் துறைகளில் ஒன்று. அதனால் இந்த ஊரில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். பாட்டில் ஹோல்டர் திருகும் அலுமினிய மரைகளும் ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மும் கவனிக்க வேண்டிய இடங்கள். ஓட்டி வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். மாதம் ஒரு தடவை கழற்றிப் பார்ப்பது அதற்காகத்தான். மாட்டும்போது கார்பன் பேஸ்ட் தடவி, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 5 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் முறுக்க இது ஹெர்குலஸ் இல்லை. எந்த அண்ணனிடம் விட்டாலும் ரெஞ்சையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.

செயினுக்கு ஆயில் போடுவதில்லை. செம்மண் புழுதி ஆயிலோடு சேர்ந்தால் அரைக்கும் மாவாகிவிடும், கேசட் தேய்ந்து போகும். பாரஃபின் மெழுகை உருக்கி அதில் முக்கி எடுக்கிறேன். மழைக்காலத்தில் அடிக்கடி செய்ய வேண்டும், மற்ற காலத்தில் நன்றாகத் தாங்குகிறது. பழைய குக்கர் ஒன்று இதற்கென்றே ஒதுக்கப்பட்டு, சமையலறையிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றப்பட்டுவிட்டது.

இதேபோல் கட்ட நினைப்பவர்கள் பாகம் கிடைப்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ரிம் பிரேக் ஃப்ரேம் மலிவுதான், ஆனால் நல்ல 11 கியர் மெக்கானிக்கல் சாமான்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. பிரேக் கட்டை, உள்கம்பி, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் மூன்றையும் ஃப்ரேம் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். ஹேங்கர் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறு, சைக்கிள் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவதும் அதுதான், காரைக்குடியில் மட்டுமல்ல மதுரையிலும் கிடைக்காது. என்னிடம் இரண்டு இருக்கிறது.