ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக்: எதை முதலில் எழுதுவது?

நியூயார்க் நகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் இந்தக் குழப்பம் வரும். மூன்றுமே கட்டணமில்லாத அரசு உயர்நிலைப் பள்ளிகள். 1971-ல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, ஒரே ஒரு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. பிள்ளை எழுதித் தரும் விருப்ப வரிசையில் மேலிருந்து பார்த்து, மதிப்பெண்ணுக்கு எட்டுகிற முதல் பள்ளியைக் கொடுப்பார்கள். கட்-ஆஃப் அதிகம் என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு ஸ்டைவசன்டை முதலில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஸ்டைவசன்ட் மோசமென்று யாரும் சொல்ல முடியாது. 1904-ல் பையன்களுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. வழக்குக்குப் பிறகு 1969-ல்தான் பெண்களைச் சேர்த்தது. 1992 முதல் மன்ஹாட்டன் தென்முனையில் பத்து மாடிக் கட்டடம், எஸ்கலேட்டர், நீச்சல் குளம் என வசதிக்குக் குறைவில்லை. கணிதத்திலும் கணினியிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஈடு கொடுக்கும் சக மாணவர்கள் அங்கே கிடைப்பார்கள். அந்தப் போட்டியில் சுருண்டுபோகும் சுபாவமுள்ள பிள்ளையை அங்கே அனுப்ப நான் தயங்குவேன்.

பிராங்ஸ் சயின்ஸ் 1938-ல் பிறந்தது. 1946-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இதன் முன்னாள் மாணவர்களில் ஒன்பது பேர் நோபல் பெற்றிருக்கிறார்கள். ஏழு பேர் இயற்பியலில். 1950-ல் ஒன்றாகப் படித்து முடித்த ஸ்டீவன் வைன்பெர்க்கும் ஷெல்டன் கிளாஷோவும் 1979-ல் அப்துஸ் சலாமுடன் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பெயர்ப் பட்டியலை விட எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாண்டு ஆய்வுப் பாடம்: பள்ளி மாணவர் தானே கேள்வி எழுப்பி, ஆய்வு செய்து, கட்டுரை எழுதுகிறார். 1959-ல் கட்டிய கட்டடத்துக்கு ஸ்டைவசன்டின் பளபளப்பு இல்லை. ஆனால் யூத இனப்படுகொலை பற்றிய அருங்காட்சியகம் ஒன்று பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. அறிவியல் பள்ளி வரலாற்றுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

புரூக்ளின் டெக்கைத்தான் நம் பெற்றோர் மூன்றாம் இடத்தில் தள்ளுகிறார்கள். 1922-ல் தொடங்கியது, 1933 முதல் ஃபோர்ட் கிரீனில் இருக்கிறது. சுமார் ஆறாயிரம் மாணவர்கள், ஏறக்குறைய மூவாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கம். கூட்டம் அதிகம், உண்மைதான். அதனால்தான் மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்றை இதனால் தர முடிகிறது: கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துப் படிக்கலாம். விமானப் பொறியியல், கட்டடக்கலை, சிவில், மென்பொருள், சட்டம் என்று தேர்வுக்கு நிறைய உண்டு. வீட்டில் கண்டதையும் கழற்றிப் பூட்டும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளியை நான் யோசிக்க முடியவில்லை. பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்த ஆர்னோ பென்சியாஸ் இங்கே படித்தவர்தான்.

பயணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிள்ளையார் கோயில் இருக்கும் ஃப்ளஷிங் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஸ்டைவசன்ட் என்றால் 7-ஆம் எண் ரயிலில் டைம்ஸ் ஸ்கொயர், அங்கே மாறி சேம்பர்ஸ் தெரு. நான்கு வருடம் தினமும் போய்வர வேண்டும். தூக்கம்தான் முதலில் குறையும்.

என் வரிசை இது: ஆய்வில் ஆசையிருந்தால் பிராங்ஸ் சயின்ஸ், கைவேலையில் ஆர்வமிருந்தால் புரூக்ளின் டெக், போட்டியே உற்சாகம் தருமென்றால் ஸ்டைவசன்ட்.