பென்சில் கொடுத்தால் படிப்பார்களா? ஊக்கம் பற்றிய மூன்று கொள்கைகள்

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே நூலகத்து வராந்தாவில் மூன்று வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இருபது பிள்ளைகள் போல வருவார்கள். முதல் வருடம் நான் பென்சிலைத்தான் நம்பினேன். வாய்ப்பாடு ஒப்பித்தால் ஒரு பென்சில், கதைப் புத்தகம் ஒன்று படித்து முடித்தால் ஒரு பென்சில். வாய்ப்பாட்டில் அது நன்றாகவே வேலை செய்தது. கதைப் புத்தகத்தில் கெடுத்துவிட்டது. தூணில் சாய்ந்துகொண்டு தானாகவே படித்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பக்கம் குறைந்த புத்தகமாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தாள். "அக்கா, இது சின்ன புக்குதான். இதுக்கும் பென்சில் உண்டுல்ல?"

ஒரே பென்சில், ஏன் இப்படி இரண்டு விதமாக ஆனது? அதைத் தேடப் போய்த்தான் மனித ஊக்கத்தைப் பற்றி உளவியல் சொல்லும் கொள்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அதிகம் பேசப்படும் மூன்றை எங்கள் வராந்தாவில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வலுவூட்டல் கொள்கை. ஒரு செயலைச் செய்ததும் நல்லது கிடைத்தால் அந்தச் செயல் திரும்ப நடக்கும். கிடைக்காமலே போனால் மெல்ல நின்றுவிடும். மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று அது கேட்பதில்லை. "முதல் மார்க் வாங்கு, சைக்கிள் வாங்கித் தாரேன்" என்று சொல்லும் எந்த அப்பாவும் ஸ்கின்னர் கட்சிதான். நான் இதை லேசாக நினைக்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டின் மேல் எந்தப் பிள்ளைக்கும் தானாக ஆசை வராது. சலிப்பான அந்த முதல் இரண்டு வாரத்தைத் தாண்ட வைத்தது பென்சில்தான்.

ஆனால் ஆசை ஏற்கெனவே இருக்கும் இடத்தில் கதை வேறு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசை உள்ள 51 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு அதே சான்றிதழைச் சொல்லாமல் கொள்ளாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. சில நாள் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்னாலேயே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் தங்கள் நேரத்தில் 8.6 சதவீதம்தான் வரைந்தார்கள். மற்ற இரண்டு குழுக்களும் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வரைந்தன. பரிசு வாங்கியதால் ஆசை குறையவில்லை. திடீரென்று பரிசு வாங்கிய குழு நன்றாகத்தான் இருந்தது. "இதற்காகத்தான் இதைச் செய்கிறேன்" என்ற பேரம் முன்னாலேயே நுழைந்ததுதான் கெடுத்தது. அந்தப் பெண் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது அவள் கேள்வியே இல்லை. நான் அவள் வாயில் வைத்தது.

இதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. பரிசால் அப்படி ஒன்றும் கேடு இல்லை என்று 1994-இல் ஜூடி கேமரனும் டபிள்யூ. டேவிட் பியர்ஸும் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். 1999-இல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரையன் 128 ஆய்வுகளைத் தொகுத்து மறுத்தார்கள்: முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுக்கும் பொருள் பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது, பாராட்டுச் சொல் கூட்டுகிறது. சலிப்பான வேலையில் குறைவதற்கு ஆர்வமே இல்லை என்பதால், அங்கே பரிசால் பெரிய நஷ்டமும் இல்லை. என் வராந்தாவில் நடந்தது இரண்டாவது கட்சியோடுதான் ஒத்துப்போகிறது.

அடுத்தது உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ சொன்ன தேவைகளின் அடுக்கு. 1943-இல் எழுதிய கட்டுரையில் அவர் தேவைகளை ஐந்து அடுக்காகச் சொன்னார்: உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னை நிறைவு செய்துகொள்ளுதல். எல்லோரும் வரையும் பிரமிடு படம் அந்தக் கட்டுரையில் கிடையாது. பிற்பாடு வேறொருவர் வரைந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஊக்கம் பற்றிப் பேசுவது வீண் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. இந்த அளவில் மாஸ்லோ சொன்னது சரி.

படிக்கட்டு என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது. கீழ்ப்படி நிறைந்தால்தான் மேல்படி என்றால், "பிச்சை புகினும் கற்கை நன்றே" என்ற வரி நம்மிடம் எப்படி வந்தது? எங்கள் வகுப்பில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன். மல்லிகை சீசனில் விடியும் முன்னே அம்மாவோடு மொட்டுப் பறிக்கப் போய்விட்டு, அப்புறம் பள்ளிக்குப் போய்விட்டு, சாயங்காலம் கண் சொருக வந்து உட்காருவான். தூக்கமும் பசியும் தீராமலேதான் வருகிறான். கூட்டாளிகள் இங்கே இருக்கிறார்கள், அதனால் வருகிறான். 123 நாட்டு மக்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து லூயி டேயும் எட் டீனரும் 2011-இல் எழுதியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: தேவைகள் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் ஒன்று தீர்ந்தால்தான் அடுத்தது இனிக்கும் என்பதில்லை. அந்தப் பையனுக்கு நான் முதலில் சுண்டல் கொடுக்கிறேன், அரை மணி நேரம் தூங்கவும் விடுகிறேன். வீட்டுக்கு மட்டும் அனுப்புவதில்லை.

மூன்றாவது, அதே டெசியும் ரையனும் வளர்த்தெடுத்த தன்னிர்ணயக் கொள்கை. என் மனம் இதன் பக்கம்தான். மனிதருக்கு மூன்று உளத் தேவைகள் என்கிறது: நானாகச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, நான் இவர்களில் ஒருத்தி என்ற உணர்வு.

முதலில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவரவர் இஷ்டப்படி வாழும் சமூகத்துக்குத்தானே இது பொருந்தும்? எங்கள் பிள்ளைகளிடம் "எதுக்குப் படிக்கிறே?" என்றால் பாதிப் பேர் "அம்மாவுக்காக" என்பார்கள். அது வெளியிலிருந்து வந்த காரணம்தானே? இல்லை என்கிறது இந்தக் கொள்கை. வெளியிலிருந்து வரும் காரணமும் உள்ளே இறங்கும் ஆழத்தில் வேறுபடும். அடிக்குப் பயந்து படிப்பது ஒன்று. படிக்காவிட்டால் அம்மா முகத்தைப் பார்க்க வெட்கம் என்று படிப்பது இன்னொன்று. அம்மா வெயிலில் படும் பாட்டைப் பார்த்து, இந்தப் படிப்பு எனக்கே முக்கியம் என்று ஏற்றுக்கொண்டு படிப்பது வேறு. மூன்றுக்கும் பதில் "அம்மாவுக்காக" என்பதுதான். கடைசியாகச் சொன்ன பிள்ளை தானாகத்தான் படிக்கிறாள். வெகுமதிக் கணக்கிலும் அடுக்குக் கணக்கிலும் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. அதற்காகவே இந்தக் கொள்கையை மேலே வைக்கிறேன்.

பாராட்டைப் பற்றி இந்தக் கொள்கை சொல்வதும் உடனே கைக்கு உதவுகிறது. "நான் சொன்னபடியே செஞ்சுட்டே, சமத்து" என்றால் அது கடிவாளம். "இந்தக் கணக்கை வேற வழியில போட்டிருக்கியே, எப்படி?" என்றால் அது செய்தி. வித்தியாசம் பிள்ளையின் முகத்திலேயே தெரியும்.

பரீட்சை பயத்தில் மட்டும் இந்த மூன்றும் எனக்குப் பெரிதாக உதவவில்லை. அது உணர்ச்சியின் பாடு. உடல் முதலில் பதறுகிறது, அந்தப் பதற்றத்தை உணர்வதுதான் பயம் என்றார் வில்லியம் ஜேம்ஸ், 1884-இல். கோபத்திலும் பயத்திலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது, பிறகு உடலை வைத்து எப்படிப் பிரிப்பது என்று 1927-இல் வால்டர் கேனன் மறுத்தார். நிலைமையை நாம் எப்படி எடைபோடுகிறோமோ அதுதான் உணர்ச்சி என்றார் ரிச்சர்ட் லாசரஸ். நடைமுறைக்கு லாசரஸ்தான் ஒத்துவருகிறார். "பயப்படாதே" என்றால் எந்த நெஞ்சும் அடங்காது. "அடிக்கட்டும், உடம்பு தயாராகுது" என்று சொன்னால் பிள்ளைகள் பேனாவை எடுக்கிறார்கள்.

சரி, இப்போது வகுப்பில் வாய்ப்பாட்டுக்குப் பென்சில் தொடர்கிறது. கதைப் புத்தகத்துக்கு நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. சனிக்கிழமை பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். யார் எதை எடுத்தாலும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தப் பெண் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இன்னமும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுக்கிறாள்.